ஞாயிறு ஆறு மணிக்குள்

யாரையும் காக்கவைப்பது எனக்குப் பிடிக்காது சார். தாம்பரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன்; ஒன்பது மணி என்றால் ஒன்பதுக்கு ஷட்டர் ஏறிவிடும். எங்கள் இணையக் குழுமத்தில் என்னைத் தேர்தல் அதிகாரி ஆக்கியதும் அதனால்தான்.

குழுமம் என்றால், நாற்பது பேர் சேர்ந்து இணையத்தில் நடத்தும் விளையாட்டு நாடு. 2004 முதல் வருடா வருடம் ஜனாதிபதி தேர்தல். ஒரே ஆள் பத்துப் பெயரில் புகுந்துவிடுவான் என்பதால், வாக்காளர் பட்டியலில் சேர வீட்டுப் போன் நம்பர் தர வேண்டும். கடைசி நாள் ஆறு மணிக்குள் நான் கூப்பிட்டுச் சரிபார்ப்பேன். பட்டியலில் இல்லாதவர் தேர்தலில் நிற்க முடியாது. நானும் நின்றேன். அதிகாரி நிற்கக் கூடாது என்று விதியில் இல்லை. விதிகளை எழுதியவன் நான்.

எதிர்த்து நின்றது தேவதர்ஷினி. பள்ளிக்கரணைப் பெண், கல்லூரியில் கடைசி வருடம். நன்றாக எழுதுவாள். இருபத்து மூன்று பேர் அவள் பக்கம். எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை.

நம்பர் தந்தபோதே சொன்னாள்: "அண்ணா, மூணுலேர்ந்து நாலுக்குள்ள கூப்பிடுங்க. அப்பா இருக்கறப்ப வேணாம். நெட்ல பசங்களோட பேசினேன்னு போன தடவை கையை ஒடைச்சிட்டாரு. இந்தத் தடவை கொன்னுடுவாருண்ணா."

அந்த வாரம் மூன்றிலிருந்து நாலு வரை தினமும் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். கடைசி நாளான ஞாயிறு ஐந்தரைக்குக் கூப்பிட்டேன். அவள் அப்பா துளசிங்கம் எடுத்தார். பொய் எதுவும் சொல்லவில்லை. "உங்க பொண்ணுக்கு இருபத்து மூணு பசங்க ஓட்டுப் போடறாங்க சார். எல்லாம் நெட்டுல பழக்கம்" என்றேன்.

"இன்னாடா சொல்றே? எந்தப் பசங்க?" என்றார். ரிசீவரை வைக்காமலே உள்ளே போய்விட்டார்.

நான் கட் செய்யவில்லை. முதலில் 'அப்பா, அப்பா' என்றாள். அப்புறம் 'அண்ணா' என்றாள். போனில் இருப்பது நான்தான் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஐந்து ஐம்பதுக்குச் சத்தம் நின்றுவிட்டது. போலீசுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது, ஆனால் கடையில் இருந்தது ஒரே லைன். ஆறு வரை காத்திருந்தேன். அவள் பேச வரவில்லை. சரிபார்க்கப்படாதவர் என்று குறித்து, பெயரை நீக்கினேன்.

சாகட்டும் என்றுதான் கூப்பிட்டாயா என்று கேட்டீர்கள். ஆமாம். எழுதிக்கொள்ளுங்கள்.

போட்டியின்றி ஜெயித்தேன். ஜனாதிபதியாக என் முதல் உத்தரவே, குழுமப் பக்கத்தில் இருக்கும் கொடியை அவளுக்காக மூன்று நாள் அரைக்கம்பத்தில் பறக்கவிட்டதுதான். அவள் ஜெயித்திருந்தால், எனக்கு இவ்வளவு மரியாதை செய்திருப்பாளா என்பது சந்தேகம்தான் சார்.