அழுத்தம் விழும் இடம் அறிந்தவர்: ஹெர்மினா வோல்டரிங்க் அவர்களுக்கு

சிதைந்த சொல்லைச் செப்பனிட்ட செம்மையே! நலிந்த நாவுக்கு நலம் சேர்த்த நங்கையே! ஐசல் ஆற்றங்கரை மறுவாழ்வு இல்லத்தின் பேச்சுப் பயிற்சியாளர் ஹெர்மினா வோல்டரிங்க் அவர்களே!

இரு சொல்லை ஒட்டி ஒரு பெயராக்குவதும், ஒட்டிய இடம் அறிந்து அசை பிரிப்பதும், முன்சொல்லை ஓங்கிப் பின்சொல்லைத் தாழ்த்துவதும் டச்சு பேசும் நமக்கு மூச்சுவிடுவது போல. பக்கவாதம் தாக்கியவருக்கோ அது ஏற முடியாத மலை.

படகோட்டி ஹெரிட்யானை மறப்போமா? பொறிக்குழியைக் குறிக்கும் ‘வல்-கௌல்’ என்பதை அவர் ‘வல்க்-ஔல்’ என்று பிரிக்க, குழி போய் வல்லூறு-ஆந்தை வந்து நின்றது. “அப்படி ஒரு பறவை இருந்தா எனக்கும் ஒண்ணு பிடிச்சுட்டு வாங்க!” என்றீர்கள். நோயுற்றபின் அவர் முதன்முதலாகச் சிரித்தார்.

சிரிக்காதவர் அவர் மனைவி டினேக்கே. “குரல் அவரோடதுதான், ஹெர்மினா. பேச்சு அவரோடது இல்லை. எல்லா அசையையும் ஒரே கனத்துல சொல்றார். யாரோ வெளிநாட்டுக்காரர் என் சமையலறையில உட்கார்ந்திருக்காப்பல இருக்கு. என் மனுஷன் எங்கே?”

முன்சொல்லை அழுத்த ஹெரிட்யானைப் பழக்கினீர்கள். ஆனால் அவர்கள் மணம் முடித்த நகர மன்றத்தின் பெயரான ‘ஸ்டட்ஹௌஸ்’ விதிக்கு அடங்காதது. அதில் அழுத்தம் பின்னால் விழும். பாவம், பழகியபடி அவர் முன்னால் அழுத்தினார். தாங்கள் திருத்தவில்லை. “நீங்க சொல்லுங்க, டினேக்கே. அவர் காது உங்ககிட்டதான் பழகினது” என்று விலகி நின்றீர்கள். வாரக்கணக்கில் டினேக்கே சொன்னார், ஹெரிட்யான் கேட்டார்.

ஒரு காலை, சட்டையில் காப்பியைச் சிந்திக்கொண்டே ஹெரிட்யான், “ஸ்டட்ஹௌஸுக்கு லேட்டா வந்தவ நீதானே! நான் மழையில நின்னேன்” என்றார். அழுத்தம் அச்சாகப் பின்னால் விழுந்தது. “பொய்! நீங்கதான் சீக்கிரம் வந்தீங்க!” என்று சண்டைக்குப் போன டினேக்கே பாதியில் விம்மி அழுதார். தாங்கள் சன்னலோரம் திரும்பி, ஆற்றைப் பார்த்தபடி நின்றீர்கள்.

அன்புக்குரியவரே, இன்றைய விழாவின் பெயரும் ஒட்டுச்சொல்தான்: பிரிவு-விருந்து. தாங்கள் கற்பித்தபடி சொல்லிப் பார்த்தோம். கனமெல்லாம் பிரிவின்மேல் விழுகிறது. விருந்து காதிலேயே விழவில்லை.

நோயின்றி, குறையின்றி நெடிது வாழ்க! எப்போதேனும் இவ்வழி வந்தால், வாசலில் நின்று எங்கள் பெயர்களைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

ஏக்கத்துடன்,
இல்லத்துப் பணியாளர்கள்
டேவென்டர்