மேட்டுக் கட்டடத்து வண்டல் குழி

அந்தக் குழி எங்க இருந்துச்சுன்னு கேக்காதீங்க சார், எங்க இருந்திருக்கணும்னு கேளுங்க. கண்ணை மூடிக்கிட்டே வரைஞ்சு காட்டுவேன். விசாரணைன்னு கூப்பிட்டீங்க, வந்துட்டேன். நடுவுல நிறுத்தாம கேளுங்க, நிறுத்தினா எனக்கு அப்புறம் வாய் வராது.

ஆமா, வடிகால் அனுமதிக்கு வரைபடம் போட்டது நான்தான். கட்டடம் அண்ணனோடது, பொறியாளர் நான். கூடப்பிறந்த அண்ணன் சார். அப்பா போனப்புறம் தன் படிப்பை விட்டுட்டு என்னைப் படிக்க வச்சவன். அவன் மேல எனக்கு சந்தேகம்னு ஒண்ணு வருமா?

அந்த இடம் சரிவு. மேல மண்ணைக் கிளறிப் போட்டா, மழைக்கு அவ்வளவும் கீழ்த் தெருவுக்குத்தான் போகும். அதனால அனுமதியிலயே எழுதிக் குடுத்தேன். சுத்தி மண்ணைத் தடுக்கத் துணி வேலி, வாசல்ல லாரி டயர்ல ஒட்டின சேறு உதிர ஜல்லி, கீழ் மூலையில வண்டல் குழி. தண்ணி குழியில நின்னு, சேறு அடியில தங்கி, தெளிஞ்சதுதான் தெருக் கால்வாய்க்குப் போகணும். வாராவாரம் நான் நேர்ல பாத்துப் படிவத்துல கையெழுத்து போடணும். நாம வீடு கட்டறோமா, குளம் வெட்டறோமான்னு அண்ணன் கிண்டல் பண்ணுவான். நானும் சிரிச்சிருக்கேன்.

ஏழு மாசமா ஒரு வாரம்கூடத் தவறல. அப்புறம் என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். மூணு வாரம் ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தேன். அண்ணன் தினம் சாப்பாடு எடுத்துட்டு வருவான். இவரைத் தாங்கிப் புடிச்சு நடக்க வச்சதே அவன்தான். அதுல பொய் சொல்லக் கூடாது.

அந்த மூணு வாரத்துக்குள்ளதான் குழியை மூடியிருக்கான். கம்பி இறக்க இடம் பத்தலையாம். கம்பி சார்! மண்ணைக் கொட்டி மட்டம் பண்ணி, மேல கம்பியை அடுக்கியாச்சு. லாரி திரும்பத் தோதா இல்லன்னு துணி வேலியையும் கழட்டியாச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. சைட்டு எப்படிண்ணா இருக்குன்னு நானா கேட்டேன். நீ வரைஞ்ச மாதிரியே இருக்குன்னான். என் முகத்தைப் பாத்துச் சொன்னான் சார்.

அந்தப் படிவங்களா? குடுங்க... ஆமா, மூணு. குழி நல்ல நிலையில் உள்ளதுன்னு மூணுலயும் இருக்கு. எழுதினது அண்ணன், எழுத்தைப் பாத்தாலே தெரியுது. கையெழுத்தா? உன்னோடது இல்லன்னு சொல்லிடும்மா, தப்பிச்சுக்கலாம்னு வக்கீல் சொன்னார். என்னோடதுதான் சார். ஆஸ்பத்திரி மாடிப்படியில நின்னு வெத்துப் படிவத்துல போட்டுக் குடுத்தேன். நீ அலையற அலைச்சல் போதாதா, நான் பாத்து நிரப்பிக்கறேன்னான் அண்ணன். வச்சு எழுத இடம் இல்லன்னு குனிஞ்சு முதுகைக் காட்டினான். அவன் முதுகு மேல வச்சே மூணையும் போட்டேன்.

அதைக் காட்டித்தான் போன வாரம் உங்ககிட்ட சொல்லியிருக்கான், குழியை மூடச் சொன்னதே நான்னு. அவன் வாக்குமூலத்தை நீங்க வாசிச்சீங்களே, யாரோ பேசின மாதிரி இருந்துச்சு. தங்கச்சின்னு ஒரு இடத்துல கூட இல்ல. பொறுப்புப் பொறியாளர்னு சொல்லியிருக்கான். அண்ணிக்குப் போன் போட்டேன். அவர் உள்ள போய்ட்டா நானும் குழந்தைங்களும் எங்க போவோம், நீ படிச்சவ, எப்படியும் பொழைச்சுக்குவன்னு சொன்னா. படிக்க வச்சதுக்குப் பலன் பாருங்க.

இல்ல, அழல. சொல்லுங்க.

தையல்காரரா? நல்லாத் தெரியும். சரிவுக்கு அடியில, ரோட்டை விட மூணு படி இறங்கினா ஒரே ரூம். முன்னால தையல் மிஷின், பின்னால கட்டில். அதுல அவர் சம்சாரம், அந்தம்மாவுக்கு இடுப்புக்குக் கீழ உணர்வு கிடையாது. வேலை ஆரம்பிக்கறப்ப நான் கீழ்த் தெருவுல வீடு வீடா போய் வரைபடத்தைக் காட்டி விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினாங்க. அந்தம்மா மட்டும் படுத்த வாக்குலயே கையில வாங்கிப் பாத்து, இந்தக் குழி எவ்வளவு ஆழம்மான்னு கேட்டாங்க. ஆள் உயரம்னேன். அப்ப சரின்னு சிரிச்சாங்க.

அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குப் புடிச்ச மழை முக்கா மணி நேரம்தான் பேஞ்சுது. மேட்டு மண்ணு மொத்தமும் வந்து கால்வாயை அடைச்சு, சேறும் தண்ணியும் அந்தப் படியில இறங்கிடுச்சு. அவர் தைச்ச துணியைக் குடுக்க வெளியே போயிருந்தார். ஓடி வந்து கதவைத் தள்ளினா, உள்ள சேறு, திறக்கல. கட்டில் முழுகி... உங்க அறிக்கையில இருக்கு, நான் வேற எதுக்குச் சொல்லணும்.

ஆனா அதுல ஒரு வரி தப்பு சார். நடக்க முடியாத மனைவியை மழை நேரத்துல தனியா விட்டுட்டுப் போனது கணவரோட கவனக்குறைவுன்னு இருக்கு. அதை அடிச்சிடுங்க. அவர் இதை யார்கிட்டயும் சொல்லல போலிருக்கு. அன்னிக்குக் காலையில எனக்குப் போன் பண்ணினார். வானம் கருத்துக்கிட்டு வருதும்மா, மாடி வீட்டுல கேட்டு இவளைத் தூக்கிட்டுப் போய்ப் படுக்க வச்சுட்டுப் போகட்டுமான்னு கேட்டார். ஆஸ்பத்திரியில டாக்டர் வர்ற நேரம், அவசரத்துல இருந்தேன். எதுக்கு சிரமம், அதான் குழி இருக்கே, நிம்மதியா போய்ட்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன்.