மீட்டரில் நூறு கழிக்கவும்

என் பெயரும் முகவரியும் மேலே குறிக்கப்பட்டுள்ளன. தொழிற்சாலையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. "உலை அண்ணன்" என்றால் வாசல் காவலாளியே கைகாட்டுவார். வயது ஐம்பத்திரண்டு. என் நரைத்த தலையைப் பார்த்துக் கூட்டி எழுத வேண்டாம் என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் காவல் அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன். நான் உலையைக் கெடுத்து நாசவேலை செய்ததாகப் புகார் கொடுத்திருப்பவர் என் மனைவியின் தங்கை கணவர், அதாவது என் சகலை. விற்பனைப் பிரிவிலிருந்து வந்து எனக்கே மேலதிகாரி ஆனவர். புகார் நிலைத்தால் எனக்கு வேலையும் போகும், உள்ளேயும் போக வேண்டிவரும் என்பது எனக்குத் தெரியும்.

ஆன்டெனாக்களுக்குள் வைக்கும் மைக்ரோவேவ் சர்க்யூட் தகடுகளைச் சுடுவது என் வேலை. கண்ணாடித் தூளும் பீங்கான் தூளும் கலந்த மெல்லிய ஏடுகளில் வெள்ளிப் பசையால் கோடுகளை அச்சிட்டு, அடுக்கி அழுத்தி, உலையில் ஒரே தகடாக இறுகவைக்க வேண்டும். வெள்ளி 961 டிகிரியில் உருகிவிடும். வெறும் பீங்கானோ ஆயிரத்து ஐந்நூறுக்கு முன் அசைந்து கொடுக்காது. 870 டிகிரியிலேயே துளையின்றி இறுகும் கலவையை ஆறு வருடம் தூள் அரைத்து, தும்மி, நான்தான் கண்டுபிடித்தேன். என் பழைய உலையின் மீட்டர் நூறு டிகிரி கூடக் காட்டும். அதற்கும் என் சகலையைப் போல வாய் நீளம். ஆகவே மீட்டர் காட்டியபடி 970 என்றே நோட்டு முழுக்க எழுதி, முதல் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே "மீட்டரில் நூறு கழிக்கவும்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.

எட்டு மாதத்துக்கு முன் நோட்டு காணாமல் போனது. அதன்பிறகு சகலை அதே கலவையைத் தன் கண்டுபிடிப்பு என்று நிர்வாகத்திடம் காட்டிப் பாராட்டு வாங்கினார். அதன்பிறகு அவர் அறையின் குப்பைக்கூடையில் என் முதல் பக்கம் கசங்கிக் கிடந்ததை எடுத்து, நீவி, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். என் பெயரைக் கிழித்தவர் அடியில் இருந்ததைப் படிக்கவில்லை. என் மனைவி, "தங்கச்சி முகத்துக்காக விட்டுடுங்களேன்" என்றாள். எட்டு மாதம் விட்டுவைத்தேன்.

சென்ற திங்கட்கிழமை காலை, வாங்க வந்தவர்கள் முன்னிலையில் சகலை புதிய உலையில் தகடுகளை வைத்தார். புதிய உலையின் மீட்டர் சரியாகக் காட்டும். அவர் 970 என்று அழுத்தியதைப் பார்த்தேன். அதற்கு முன், "சகல, ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேட்டுக்குங்க" என்று சாட்சிகள் காதில் விழும்படியே சொன்னேன். "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, போட்டோவுல விழுறீங்க" என்றார். தள்ளி நின்றேன்.

அதன்பிறகு மதிய உணவு முடிந்து, மாலையில் உலை ஆறியதும் கதவு திறக்கப்பட்டது. தகடுகள் அடியிலிருந்த பீங்கான் தாங்கு பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. வெள்ளிக் கோடுகள் உருகி, கடுகு கடுகாகத் திரண்டிருந்தன. சகலை இடுக்கியால் இழுத்ததில் ஒரு தகடு உடைந்தது. வந்திருந்த பொறியாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இதுல சர்க்யூட் எங்க சார்?" என்று கேட்டார். நான் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உலையை நான் தொடவில்லை. நோட்டில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. முதல் பக்கத்தை இன்று ஒப்படைத்தேன். சகலை புகாரோடு சாட்சியமாகக் கொடுத்திருந்த நோட்டின் கிழிசலோடு அதிகாரி அதை வைத்துப் பார்த்தபோது பொருந்தியது. "இத அன்னைக்கே காட்டியிருக்கலாமே?" என்று கேட்டார். "காட்டியிருந்தா ஒரு சாரியோட முடிஞ்சிருக்கும்யா. எனக்கு அது பத்தல" என்றேன்.

சகலை தம் புகாரில், "உலை அண்ணன் தன் நோட்டில் வேண்டுமென்றே வெப்பநிலையைத் தவறாக எழுதி" என்று கைப்பட எழுதியிருப்பதைப் படிக்கக் கேட்டேன். "தன் நோட்டில்" என்ற இடத்தை இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னேன். நிர்வாகத்திடம் கொடுக்க அதன் நகல் வேண்டும்.

இவ்வளவும் யாருடைய தூண்டுதலும் இன்றிச் சொன்னேன், படித்துக்காட்டக் கேட்டேன். "சுவரோரமாக" என்பதற்கு முன் அதிகாரி தாமாகச் சேர்த்திருந்த "வருத்தத்துடன்" என்ற சொல்லை மட்டும் அடிக்கச் செய்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டுள்ளேன். மற்றவை அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)