செவந்திக்குப் பிடித்த இடம்

— அன்னைக்கு எங்க மில்லு வாசல்ல ஒரு பிடி மண்ணை வாரித் தூத்துனியே பொன்னுத்தாயி, அந்தச் சாபத்தை நீ திருப்பி வாங்கிக்கணும். அதுக்குத்தான் அரிமளத்துல இருந்து இந்த மீமிசல் கடக்கரைக்குத் தேடி வந்திருக்கேன்.

— ஏழு வருசம் ஆச்சுங்க சின்னம்மா. அந்த மண்ணு இன்னுமா அங்கன கெடக்கும்? காத்துல போயிருக்கும்.

— போகலை. எங்க வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கு. நான் பெத்த மகனா வந்து உக்காந்திருக்கு.

— அங்கிட்டு பிளசர் காருக்குள்ள கத்துதே, அந்தப் புள்ளைங்களா?

— அவன்தான். ஆத்மநாதன். நீ சாபம் விட்டப்ப என் வயித்துல இருந்தான். ஆறு வயசு முடிஞ்சிருச்சு, இன்னும் அம்மான்னு கூப்பிடலை. பேரைச் சொன்னா திரும்ப மாட்டான், மொகத்தைப் பார்க்க மாட்டான். வீட்டுல நாலு பேரு சேர்ந்து பேசுனாப் போதும், காதைப் பொத்திக்கிட்டு செவத்துல போயி மோதுறான். சத்தியமா சொல்றேன், நெத்தியில காயம் ஆறுன நாளே கெடையாது.

— மோதி ஓஞ்சதும், ஒண்ணுமே நடக்காத மாதிரி வெயில்ல கையை நீட்டி விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கிட்டு இருக்குமே?

— ஆமா! ஒனக்கு எப்படித் தெரியும்?

— என் செவந்தி அப்படித்தானே இருந்தா. நீங்களும் பார்த்தவங்கதானே. மறந்துட்டீங்களா?

— மறந்திருந்தா இவ்வளவு தூரம் வருவேனா?

— இருந்தாலும் நான் ஒரு தடவை சொல்லிர்றேன், கேட்டுக்கங்க. அந்தக் கருவாட்டுப் பாயை மிதிக்காம இப்படித் தள்ளி நில்லுங்க. செவந்தி பேச மாட்டான்னு தெரிஞ்ச வருசமே எம் புருசன் இலங்கைக்குக் கப்பல் ஏறிட்டாரு. நான் ஒங்க மில்லுக்குத் தவிடு பொடைக்க வந்தேன். விட்டுட்டு வர ஆளில்லாம அவளையும் இடுப்புல கட்டாத கொறையா இழுத்துக்கிட்டு வந்தேன். இந்த எரைச்சல்ல என்ன ஆகப் போறாளோன்னு அவ மேலயே கண்ணா இருந்தேன். மெசினை ஓட்டுனாங்க. பெல்ட்டு சுத்துச்சு. இவ போயி செவத்துல ரெண்டு உள்ளங்கையையும் ஒட்ட வச்சுக்கிட்டு நின்னா பாருங்க! மெசினு எந்த ராகத்துல ஓடுதோ அதே ராகத்துல வாய்க்குள்ளயே முனகுனா. அப்பறம் சிரிச்சா. எம் மக சிரிச்சு நான் முதமுதலாப் பார்த்தது ஒங்க மில்லுலதான்.

— அவ்வளவு சத்தத்துலயா?

— மனுசச் சத்தந்தான் அவளுக்கு ஆகாது. எப்ப கத்துவாங்க, எப்ப சிரிப்பாங்கன்னு தெரியாதுல்ல. மெசினு அப்படி இல்லைங்க. அடுத்து என்ன வரும்னு அவளுக்குத் தெரியும். ரெண்டு வருசம் அந்தச் செவத்தை விட்டு நகரலை. அவ கை பட்டுப் பட்டு சுண்ணாம்பு தேஞ்சு போச்சு.

— அந்த எடம் இன்னும் அப்படியேதான் இருக்கு.

— இருக்கட்டும். ஒரு நாளு ஒங்க மாமனாரு, பெரியவரு உடையப்பரு, எம் முன்னாடி வந்து நின்னாரு. மருமக மாசமா இருக்கு, இந்தக் கிறுக்கு கண்ணுல பட்டா வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு சொல்லி அழுகுது, இவளைப் பேயோட்டுற பூசாரி கொட்டகையில கொண்டுபோய் விடுன்னாரு. மாட்டேன்னு சொன்னேன். மறுநாளு நாலு ஆம்பளைங்க வந்து என் கண்ணு முன்னாலயே அவளைச் செவத்துல இருந்து பிச்சு எடுத்தாங்க. நகம் பேந்து ரத்தம் வந்துச்சு. நீங்க மில்லை ஒட்டுன ஒங்க வீட்டு மாடி சன்னல்ல நின்னுக்கிட்டு இருந்தீங்க.

— நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்.

— நாப்பத்தெட்டு நாளு. கால்ல சங்கிலி. காதுக்குப் பக்கத்துல உடுக்கை. என்னைய கொட்டகைக்கு உள்ளயே விடலை. போறப்ப அவகிட்ட ஒரு வார்த்தை இருந்துச்சு சின்னம்மா. பசிச்சா மட்டும் ஆத்தான்னு கூப்பிடுவா. வர்றப்ப அதுவும் இல்லை. அதுக்குத்தான் மண்ணை வாரித் தூத்துனேன். ஒன் வயித்துல இருக்கறதும் இப்படியே பொறக்கட்டும்னு வாய்விட்டுத்தான் சொன்னேன். இல்லைங்கலை.

— பலிச்சிருச்சு பொன்னுத்தாயி. இப்ப ஒனக்கு நெஞ்சு குளுந்திருச்சா?

— குளுந்துச்சு. சந்தனமேரி ஒங்க ஊருச் சந்தைக்கும் ஒங்க வீட்டுக் கொல்லைக்கும் கருவாடு கொண்டுட்டுப் போவாள்ல, அவ வந்து ஒங்க மகனைப் பத்திச் சொன்ன அன்னைக்கு மீன் கொழம்பு வச்சு ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

— கால்ல விழணுமா?

— விழுங்க.

— என்ன?

— விழுங்கன்னேன். மண்ணு ஒட்டுனா ஒதறிக்கலாம். கருவாட்டு வாசந்தான் ரெண்டு நாளைக்குப் போகாது.

— இந்தா. விழுந்துட்டேன். போதுமா? பாதத்தைத் தொட்டுட்டேன், போதுமா?

— எந்திரிங்க. சேலை நல்ல சேலை.

— சந்தனமேரி இன்னொண்ணும் சொன்னா. நீ ஒம் மகளை எங்கெங்கயோ கூட்டிக்கிட்டுப் போவியாம். அங்க போனா அவ அடங்கிருவாளாம். அந்த எடத்தைச் சொல்லு. என் மகனும் ஒரு எடத்துல அரை நாளு அமைதியா இருந்தான்னு நான் வீட்டுல காட்டணும். அதுக்கு மேல கேக்காத.

— இடமா? கொட்டகையில இருந்து கூட்டியாந்த பிறகு ஊரு ஊரா நடந்து தேடுனேன். குன்றாண்டார்கோவில்ல ஆளுக எல்லாம் போன மத்தியான நேரம், குடைவரைக்குள்ள குளுந்த கல்லுல கன்னத்தை வச்சுப் படுத்துக்குவா. திருமயத்துல ரயில்வே கேட்டுப் பக்கம் நின்னா, கூட்ஸ் வண்டி போறப்ப பெட்டிக்கு ஒரு தடவை தலையை ஆட்டுவா. கடைசிப் பெட்டி போனதும் நிறுத்திருவா. அப்பறம் இந்தக் கடலு. இங்க அலை கெடையாது பாருங்க, கம்முனு கெடக்கும். அதனால இங்கயே தங்கிட்டோம்.

— இந்த மூணுல எங்க கூட்டிட்டுப் போகட்டும்?

— எங்கயும் வேணாம். இதெல்லாம் பொம்பளைப் புள்ளைக்கு. ஆம்பளைப் புள்ளைக்கு வேற எடம் இருக்கு, கேட்டுக்கங்க. வர்ற வெள்ளிக்கெழமை எங்க அம்மா ஊருல காளிக்குத் திருவிழா. முப்பது கொட்டு வரும், அதிர்வேட்டுப் போடுவாங்க. கூட்டத்துக்கு நடுவுல நிறுத்துங்க. காதைப் பொத்துவான், கையைப் பிடிச்சு எடுத்து விட்ருங்க. கத்துவான், மோதுவான், விடாதீங்க. மூணு வேட்டு வெடிச்சு முடியறதுக்குள்ள உள்ள இருக்கறது அலறி ஓடிரும். பொறகு பசுவு மாதிரி இருப்பான்.

— நெசமாவா?

— ஒங்க மகன் மேல எனக்கு என்னங்க பகை?

— நீ தெய்வம் பொன்னுத்தாயி. எவ்வளவு திட்டுனாலும் கடைசியில வழி சொல்லிட்ட. சத்தியமா மறக்க மாட்டேன். கருப்பா! வண்டியை எடு, கெளம்பலாம். என்ன, சத்தத்தையே காணோம்? தம்பி தூங்கிட்டானா?

— சின்னம்மா, தம்பி வண்டியில இல்லைங்க. கதவைத் தொறக்கச் சொல்லி ஒதைச்சாரு, தொறந்து விட்டேன். ஒரே ஓட்டமா ஓடிட்டாரு.

— அடப்பாவி, எங்கடா? தண்ணிப் பக்கமா?

— தண்ணிக்குள்ள போகலைங்க, பயப்படாதீங்க. அந்தா, கரையோரமா கவுத்துப் போட்ட வள்ளத்துக்கு அடியில இருக்காரு. அங்க ஒரு பொண்ணு இருக்குது. கூப்பிட்டா ரெண்டு பேருமே திரும்ப மாட்டேங்கறாங்க. கையை வச்சா கடிச்சுருவாங்களோன்னு பயமா இருக்குதுங்க.

— எந்த வள்ளம்? ஏம்ப்பா கருப்பா, தாரு பூசுனதா, பூசாததா?

— பூசாததுங்க. பழசு.

— அது செவந்தி எடம். அதுக்குள்ள யாரையும் விட மாட்டாளே. நான் தலையை நீட்டுனாக்கூட மணலை அள்ளி எறிவா. என்ன பண்றாங்க, சரியாப் பார்த்துச் சொல்லு.

— தம்பி மரத்துல காதை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அந்தப் பொண்ணு ஒதுங்கி உக்காந்து எடம் விட்ருக்குது. அதுவும் அங்கிட்டு ஒரு காதை வச்சிருக்குது. கடல் தண்ணி மெதுவா வந்து வள்ளத்து விளிம்பைத் தட்டுது பாருங்க, அந்தச் சத்தத்தைக் கேக்குறாங்க போல. தம்பி முனகுறாரு. வேற ஒண்ணும் இல்லைங்க.

— இரு, நானே பார்க்கறேன். ஐயோ... பொன்னுத்தாயி, அவன் கை ரெண்டும் கீழ இருக்கு. காதைப் பொத்தலை. இங்க வந்து பாரேன். ஏன் அங்கயே நிக்கிற?

— பார்த்துட்டேன்.

— எங்க வீட்டுல இவனுக்கு இப்படி எடம் கொடுக்க ஒரு ஆளு இல்லை. ஒம் மகளுக்கு நான் என்ன செய்யப் போறேனோ தெரியலை. வெள்ளிக்கெழமை திருவிழாவுக்குப் போயிட்டு வந்து...

— திருவிழாவுக்குப் போகாதீங்க.

— ஏன்?

— போகாதீங்கன்னா போகாதீங்க. நான் சொன்னது பொய்யி.

— என்ன பொய்யி?

— அந்தப் புள்ளையை வேட்டுச் சத்தத்துல நிறுத்துனா செத்துப் பொழைக்கும். அதுக்குத்தான் சொன்னேன். எம் மக பட்டதை ஒம் மகனும் படணும், நீ பக்கத்துல நின்னு அவன் கையைப் பிடிச்சு விலக்கணும், ஒன் கையாலயே அது நடக்கணும்னு சொன்னேன். வாய்க்குள்ள தேனு மாதிரி இருந்துச்சு சொல்றப்ப.

— அடிப்பாவி! நான் நம்பிட்டேனே. ஒன் கால்ல விழுந்துட்டு, அப்படியே நம்பிட்டேனே!

— நம்பணும்னுதான் சொன்னேன். எம் மக ஒதுங்கி எடம் கொடுத்துக் கெடுத்துட்டா. எம் பகையில பாதி அவளுக்காகத்தானே. அவளே எடம் கொடுத்த பிறகு நான் எங்க போயி நிக்கறது?

— சாபத்தையாவது எடுத்துக்கிட்டியா?

— சாபமும் இல்லை, ஒண்ணும் இல்லைத்தா. எம் வாய்க்குப் பலிக்குமுன்னா ஒம் மாமனாரு இந்நேரம் உசுரோட இருக்க மாட்டாரு. இவங்க இப்படித்தான் பொறக்கறாங்க. இவங்களுக்கு ஆகுற எடத்துல இருந்தா நல்லா இருக்காங்க. இப்ப உண்மையான எடத்தைச் சொல்றேன். ஒன் மில்லுக்குக் கூட்டிட்டுப் போ. முனகுறானே, அது மில்லுப் பெல்ட்டு ராகம். மாடியில இருந்தே கேட்டுப் பழகியிருக்கான். எம் மக நின்ன அதே செவத்துல நிறுத்து.

— முடியாது அக்கா.

— ஏன் முடியாது?

— இவன் வெளிய தெரியவே கூடாதுன்னு மாமனாரு உத்தரவு. நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்க்கறாங்க. வீட்டுல இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா யாரும் வர மாட்டாங்களாம். ரெண்டு வருசமா மாடி அறையிலதான் பூட்டி வச்சிருக்கு. இன்னைக்குத்தான் வெளியே கொண்டுவந்தேன்.

— இன்னைக்கு மட்டும் எப்படி விட்டாரு?

— விடலை. அனுப்பி வச்சாரு. கார் கெளம்புனதே பூசாரி கொட்டகைக்கு. ஒம் மகளைக் கொண்டுபோன அதே கொட்டகை. அறந்தாங்கி தாண்டுனதும் நான்தான் கருப்பன் கையைப் பிடிச்சு இங்கிட்டுத் திருப்பச் சொன்னேன். பின்பெட்டியில சங்கிலி இருக்கு. புதுச் சங்கிலி, சின்னக் காலுக்குத் தகுந்த மாதிரி அடிச்சு வாங்கியிருக்காரு.

— சொந்தப் பேரனுக்கா?

— சொந்தப் பேரனுக்கு.

— ஏத்தா, அன்னைக்கு எம் மக கண்ணுல படக் கூடாதுன்னு நீ அழுதியா?

— அழுகலை. நான் சொன்னதா அவரு சொன்னாரு. சத்தியமா நான் சொல்லலை. ஆனா நான் சொல்லலைன்னு சன்னல்ல இருந்து ஒரு வார்த்தையும் சொல்லலை. பயமா இருந்துச்சு.

— இப்பவும் பயமா இருக்கா?

— நீ கூட வந்தா இருக்காது. ஒண்ணு சொல்றேன் அக்கா, இதை நான் யாருகிட்டயும் வாயைத் தொறந்து சொன்னதில்லை. அந்த மில்லு அவருது இல்லை. எங்க அப்பா எனக்குச் சீதனமா வாங்கிக் கொடுத்தது, பத்திரம் என் பேருலதான் இருக்கு. அவரை வெளியே போங்கன்னு சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும்.

— அப்ப அன்னைக்கும்? எம் மகளைப் பிச்சு எடுத்துக்கிட்டுப் போனப்பவும் அது ஒன் மில்லுதானா?

— ஆமா.

— சரி, ஏறு வண்டியில. புள்ளைங்க ரெண்டையும் நான் கூட்டியாரேன், செவந்தியும் வரட்டும். மொதல்ல அந்த ஆளை ரெண்டு பேருமாச் சேர்ந்து பார்த்துக்கிருவோம், ஒன்னைய நான் அப்பறம் தனியாப் பார்த்துக்கிறேன்.