சீமை எலிக்கு ஒரு மண்டலம்

புது இடத்துக்கு வந்த எந்த ஜீவனையும் முதல் சில நாள் தொந்தரவு செய்யக் கூடாது. இதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை இருக்காது என்று நம்புகிறேன், சம்பந்தி. ‘வெங்கடம்மாள் நடந்ததை உள்ளபடி எழுதி அனுப்பட்டும், பெண்ணைத் திருப்பி அனுப்புவதா இல்லையா என்று அப்புறம் பார்க்கலாம்’ என்று தளி பஸ்ஸில் வந்த ஆளிடம் சொல்லி விட்டிருக்கிறீர்கள். நியாயமான பேச்சு. உங்கள் பெண் முனிலட்சுமி கோபத்தில் முன்னுக்குப் பின்னாகச் சொல்லியிருப்பாள். நான் வரிசையாகச் சொல்கிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரியாது. கல்யாணப் பந்தலில் மூலையில் நிற்கிற விதவையை யார் பார்க்கப் போகிறார்கள். அத்திப்பள்ளியில் ஐந்து வருஷம் வாழ்ந்தேன். கன்னடம் பேசவும் வாசிக்கவும் அங்கேதான் படித்தேன். எனக்கு இருபத்திரண்டு வயதில் வீட்டுக்காரர் போய்விட்டார், இப்போது பதினேழு வருஷமாகிறது. சேலத்தில் மாமன் வீட்டில் இருந்த என் தம்பி கிருஷ்ணப்பனை நான் எடுத்துக்கொண்டேன். அவனுக்கு அப்போது எட்டு வயது. சேலத்திலேயே இருந்து தலை வாரி, சோறு போட்டு, படிக்க வைத்தேன். தர்மபுரி லைன் பஸ்ஸில் அவனுக்குக் கண்டக்டர் வேலை கிடைத்ததும் இருவரும் ராயக்கோட்டைக்குக் குடிவந்தோம். சேலத்தில் வளர்ந்ததால் அவனுக்குக் கன்னடம் ஒரு வார்த்தை வராது. உங்கள் பெண்ணுக்குத் தமிழ் வராது. ஜாதகம் பொருந்தியதா என்று பார்த்தீர்கள், மொழியை யாரும் கேட்கவில்லை. இருவருக்கும் நடுவில் நான் இருந்தேன். சௌகரியமான ஏற்பாடுதான் அது.

கல்யாணமாகி இரண்டாவது வாரம், சாப்பாட்டு நேரத்தில் உங்கள் பெண் அவனைப் பார்த்து, “நனகெ ஒந்து கிணி பேக்கு” என்றாள்.

“என்னக்கா கேக்குது?” என்றான் தம்பி.

கன்னடத்தில் கிணி என்றால் கிளி, எனக்கு ஒரு கிளி வேண்டும் என்கிறாள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேச ஆளில்லாத வீட்டில் ஒரு கிளி இருந்தால் நாலு வார்த்தை கன்னடம் சொல்லிக் கொடுத்து அதனோடு பேசலாம் என்று நினைத்திருக்கிறாள். நான் அவளோடு கன்னடத்தில் பேசியிருக்கலாம். ஆனால் நான் பேசிக்கொண்டே இருந்தால் அவள் எப்போது தமிழ் கற்பாள்?

“கினி கேக்குதுடா” என்றேன். “கினிப் பன்னின்னு சொல்வாங்களே, அந்தச் சீமை எலி. பெங்களூர்ல வளக்கறாங்க. ஆசையா கேக்குது, வாங்கிக் குடு.”

ஒரு எழுத்து வித்தியாசம். அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று தம்பி இன்றும் நினைக்கிறான். என் காது நன்றாகவே இருக்கிறது.

திம்மராயன் எனக்குக் கொழுந்தன் முறை. பெங்களூரில் ஊசி மருந்து செய்யும் ஓர் இடத்தில் வேலை. அங்கே இந்த எலிகளைக் கூண்டு கூண்டாக வளர்க்கிறார்கள். அவனுக்கு நானே கடிதம் எழுதினேன். பத்து நாளில் ஒசூர் பஸ்ஸில் ஒரு மூங்கில் கூடை வந்தது. வெள்ளையும் பழுப்புமாக, உரிக்காத தேங்காய் அளவு, வால் இல்லை. உங்கள் பெண் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சந்தோசத்துல பேச்சே வரலக்கா அதுக்கு” என்றான் தம்பி.

கூடையோடு ஒரு சீட்டும் வந்தது. எலியை எப்படிப் பழக்குவது, எப்படி நோயில்லாமல் வைத்துக்கொள்வது என்று திம்மராயன் கன்னடத்தில் எழுதியிருந்தான். தம்பிக்கு அந்த எழுத்துத் தெரியாது. உங்கள் பெண்ணை நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. நான்தான் வாசித்துச் சொன்னேன்.

பெரும்பாலும் சரியாகவே வாசித்தேன். புல் எந்நேரமும் இருக்க வேண்டும். கீரையும் கொய்யாப்பழமும் தினம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈறில் ரத்தம் வந்து இளைத்துவிடும். பல் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் கடிக்கக் குச்சி போட வேண்டும். வெயில் ஆகாது, ஈரக்காற்று ஆகாது, பூனை கிட்டேயே வரக் கூடாது. வந்த புதிதில் சத்தமில்லாத இடத்தில் விட்டுவிட வேண்டும், ‘நால்கெண்டு தின’ யாரும் தூக்கக் கூடாது.

நான்கோ எட்டோ, ஏதோ கொஞ்ச நாள் என்பது அதற்கு அர்த்தம். கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நான் நாற்பத்தெட்டு நாள் என்று வாசித்தேன். நாலும் எட்டும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கின்றன.

“ஒரு மண்டலமாக்கா?” என்றான் தம்பி. முகத்தில் பக்தியே வந்துவிட்டது. கஷாயம் குடித்தாலும் கோயிலைச் சுற்றினாலும் ஒரு மண்டலம்தான் கணக்கு, எலிக்கு மட்டும் வேறா இருக்கும் என்று அவன் சமாதானமாகிவிட்டான். நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வீட்டு முன்னறையில் தக்காளி வண்டிகளின் சத்தம். சமையலறையில் புகை. சத்தமில்லாத அறை என்று பார்த்தால் புதுமணத் தம்பதியின் அறைதான். கூடையை அங்கே வைத்தேன். ஆண்பிள்ளைக் குரலும் பீடி வாடையும் அதற்கு ஆகாது என்பது மட்டும் சீட்டில் இல்லை, நானாகச் சேர்த்தது. தம்பி பாயைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே படுக்கப் போனான். சின்னப் பெண்ணை ஒரு எலியோடு தனியாக விட முடியுமா? நான் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

தினமும் சாயங்காலம் தம்பி மூன்று கொய்யாப்பழம் கொண்டுவருவான். பாலக்கோட்டில் பஸ் நிற்கும்போது பொறுக்கி எடுத்து வாங்குவான். கதவோரம் நின்று எட்டிப் பார்ப்பான். அவள் தலை நிமிர்வாள். நான் உதட்டில் விரலை வைப்பேன்.

“இன்னும் எத்தினி நாளுக்கா?” என்று கிசுகிசுப்பான்.

“முப்பத்தொம்பது.”

“நல்லா இருக்குதா?”

எலியைக் கேட்கிறானா அவளைக் கேட்கிறானா என்று எனக்குத் தெரியும். “நல்லா புல்லு திங்குது” என்பேன். அவர் என்ன கேட்டார் என்று உங்கள் பெண் கேட்டால், எலியைக் கேட்டான் என்று கன்னடத்தில் சொல்வேன்.

பன்னிரண்டாம் நாள் விடிந்தபோது எலி செத்துக் கிடந்தது. புல் இருந்தது, கொய்யா இருந்தது, காற்றும் படவில்லை. அவள் கிணற்றடிக்குப் போயிருந்த நேரத்தில் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, கை கழுவி, காபி போட்டேன். குடிக்கும்போதுதான் யோசனை வந்தது. இன்னும் முப்பத்தாறு நாள் பாக்கி. ஆரம்பித்த மண்டலத்தைப் பாதியில் விடலாமா?

கூடையைத் துணி போட்டு மூடினேன். வெளிச்சமும் ஆகாது என்றேன். புல் சலசலத்தால் ‘வீக் வீக்’ என்று கத்துவது அதன் வழக்கம், சத்தம் நின்றால் சந்தேகம் வரும். அதனால் உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்து நானே கத்தப் பழகினேன். முதலில் கோழிக்குஞ்சு போல வந்தது. மூன்று நாளில் சரியாகிவிட்டது. கீரையைக் கடைந்து எல்லோருக்கும் போட்டேன். கொய்யாப்பழம் வீணாகக் கூடாது என்று நானே தின்றேன். பல வருஷமாகப் பல் தேய்த்தால் எனக்கு ஈறில் ரத்தம் வரும். அது சுத்தமாக நின்றுவிட்டது. திம்மராயன் விஷயம் தெரிந்தவன்.

நாற்பத்தொன்றாம் நாள் சாயங்காலம் தம்பி கொய்யாவோடு கதவோரம் வந்து நின்றான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கத்தினேன். உங்கள் பெண் எழுந்து போய்த் துணியை உருவினாள். கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். எனக்குப் பழக்க தோஷம், இன்னொரு முறை கத்திவிட்டேன்.

“கூடை காலி” என்றாள் அவனைப் பார்த்து. “எலி அக்கா வாயில இருக்குது.”

அவள் பிழையில்லாமல் பேசிய முதல் தமிழ் அது. என் முயற்சி வீண்போகவில்லை என்று ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது.

“இத்தினி நாளா நான் யாருக்குக்கா கொய்யாப்பழம் வாங்கியாந்தேன்?” என்று தம்பி கேட்டான்.

எனக்குத்தான் என்றேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் டிரங்குப் பெட்டியோடு தளிக்கு வந்துவிட்டாள். இன்னும் ஏழே நாள்தான் இருந்தது, பொறுத்திருக்கலாம். தம்பி இப்போதும் பஸ்ஸில்தான் படுக்கிறான், சாப்பாடு ஓட்டலில். தளி லைனுக்கு மாற்றிக் கேட்டிருப்பதாகவும், அங்கேயே வீடு பார்ப்பதாகவும் டிரைவர் முனிசாமி வந்து சொன்னான்.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம். கிளி என்று தெரிந்துதான் எலி என்றேன். நாளையும் தெரிந்துதான் கூட்டினேன். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டால் அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை என்று பயமாக இருந்தது. இதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஆனால் எலியைக் கொன்றேன் என்று முனிலட்சுமி சொன்னால் அதை நம்பாதீர்கள். சீட்டில் சொன்ன எதிலும் நான் குறை வைக்கவில்லை. கடைசி வரியை மட்டும் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. ‘இதை ஒருநாளும் தனியாக வைக்காதீர்கள் அண்ணி, ஜோடி இல்லாவிட்டால் ஏங்கியே செத்துவிடும்’ என்று திம்மராயன் எழுதியிருந்தான். அதை மட்டும் அவன் தெரியாமல் எழுதிவிட்டான். நான் பதினேழு வருஷமாக நன்றாகத்தானே இருக்கிறேன்.