தாய்மாமனுக்குச் சொல்லாத சாரி

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், ஒற்றை லேத் மெஷினை வைத்துப் பவுண்டரி, ரைஸ் மில், கல்யாண மண்டபம் என்று கட்டியவன். காரை மகன் எடுத்துப் போனதால், அன்று அன்னூர் பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். பக்கத்துச் சீட்டில் ஓர் இளம் தம்பதி.

“பாப்பாவைத் தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்தோணும். நேர்ல போயி வெத்தலை பாக்கு வெக்காம, வாட்ஸ்அப்ல பத்திரிகை அனுப்பிப்போட்டீங்க. அண்ணன் வரமாட்டேங்கறாருங்க.”

“போனதும் சாரி சொல்லிப்போடறேன் அம்மணி.”

“கால மிதிச்சா சாரி, ராங் நம்பருக்குச் சாரி, கண்டக்டர்கிட்டச் சில்லறை இல்லீன்னாலும் சாரி. அண்ணனுக்கும் அதேதானுங்களா?”

“வேறென்ன சொல்றது?”

“அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரங்க, மனசு நோகுதுங்கறதுக்குத்தான் அப்படிச் சொன்னாங்களாம். போன்ல பார்த்தேன். உங்களுக்கு நோகுதுங்களா?”

“ரெண்டு நாளாச் சோறு எறங்கலை அம்மணி.”

“அப்ப அதையே சொல்லுங்க.”

தங்கை வருவது தெரிந்து, அண்ணன் அன்னூர் ஸ்டாண்டிலேயே நின்றிருந்தார். இறங்கியதும் புருஷன் வெற்றிலைத் தட்டை நீட்டினார்.

“நீங்க வல்லீன்னா பாப்பாவை யார் மடியில உக்கார வெக்கறதுங்க மச்சான்? சோறு எறங்க மாட்டேங்குதுங்க.”

“மொதல்ல ஊட்டுக்கு வந்து சாப்பிடுங்க மாப்ளே,” என்று அவர் தட்டை வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து பேச, என் சீட்டை விட்டுக்கொடுத்தவன் நான். காதுகுத்துப் பத்திரிகையில் என் பெயரையும் போட வேண்டும்.