தொரையை ஆத்துல எறக்குன தொப்ளான்

பஸ்ஸும் கெடையாது, பாலமும் கெடையாது, ஒழுங்கா ஒரு ரோடுகூட இல்லாத காலம். காரைக்காலுக்குத் தெக்க, ஆத்துக்கு அக்கரையில, ஓலைப்படுகைன்னு ஒரு ஊரு. அந்த ஊருல தொப்ளான் தொப்ளான்னு ஒருத்தன் இருந்தானாம். எனக்குப் பாட்டன், அவருக்குப் பாட்டன், மேல இன்னும் ரெண்டு பாட்டனைச் சேத்துக்கங்க. அதுக்கு மேல எனக்கு எண்ண வராது. நான் பள்ளிக்கூடம் போனது மொத்தமே ஒரு மழைக்காலம், அதுவும் ஒதுங்கத்தான்.

தொப்ளானுக்குப் பல்லக்குத் தூக்குற வேலை. சாமிப் பல்லக்குன்னு கையெடுத்துக் கும்பிட்டுறாதீங்க. உள்ள உக்காந்திருந்தது பிரெஞ்சுக்காரத் தொரை. அந்தத் தொரைக்குக் காலு ரெண்டு இருந்துச்சாம். ஆனா தரையில பட்டு யாரும் பாத்ததில்லையாம். வீட்டுக்கும் அவரு வேலை பாக்குற கச்சேரிக்கும் நூறு அடி. அதுக்கும் பல்லக்கு. ஏன் சாமின்னு கேட்டா, "ராசா உத்தரவு." கூலி உண்டா சாமி? "ராசா உத்தரவு." ராசா எங்க இருக்காரு? கடலுக்கு அந்தாண்ட, ஆறு மாசம் கப்பல்ல போகணும். அவரு மொகத்தைத் தொரையே பாத்திருப்பாரோ என்னமோ. ஆனா உத்தரவு மட்டும் தெனம் காலையில பல்லக்குக்குள்ள ஏறி உக்காந்துக்குமாம்.

பல்லக்குத் தூக்குறதுல ஒரு மொறை உண்டு. முன்னால மூணு பேரு, பின்னால மூணு பேரு. பின்னால வர்றவனுக்குப் பாதை தெரியாது, பல்லக்கு மறைக்கும். அதனால முன்னால போறவன் பாட்டா சொல்லணும், பின்னால வர்றவன் பாட்டாவே பதில் சொல்லணும்.

"கல்லு கெடக்கு, ஏலே!"

"கண்டுகிட்டோம், ஏலே!"

"பள்ளம் கெடக்கு, ஏலே!"

"கண்டுகிட்டோம், ஏலே!"

இந்தப் பாட்டைத் தவிர வேற பேச்சுக் கேட்டா உள்ளேருந்து பெரம்பு நீளும். தொரைக்குத் தமிழ் தெரியாது. ஆனா எது பாட்டு, எது பேச்சுன்னு தெரியும்.

ஒருநாள் விடியக்காலையில தொறைமுகத்துல, கப்பல்ல பாய் கட்டுற இபுறாம்சா வந்து தொப்ளான் கையைப் புடிச்சானாம். ரெண்டு பேரும் சின்ன வயசுக் கூட்டாளிங்க.

"தொப்ளா, ஒரு நல்ல சேதி, ஒரு கெட்ட சேதி. எதை மொதல்ல சொல்ல?"

"கெட்டதைச் சொல்லுடா. அதுதான் நமக்குப் பழக்கம்."

"நான் ஏறப்போற கப்பலு மோரீசுத் தீவுக்குப் போவுது. உங்க ஊரு ஆளுங்க பன்னெண்டு பேரை அடிமையா ஏத்தப்போறாங்க. ராசா முத்திரை போட்ட காகிதம் தொரை கையில இருக்கு. இன்னிக்கு உங்க ஊருக்கு அதைப் படிக்கத்தான் வர்றாரு. பட்டியல்ல உன் தம்பி காத்தான் இருக்கான்."

காத்தான் தொப்ளான் தூக்கி வளத்த புள்ளை. இப்போ பல்லக்குக்குப் பின்னால கடைசித் தோள் அவன்தான். பாத்துக்கங்க கொடுமையை! தன்னை விக்கிற காகிதத்தைத் தானே தூக்கிக்கிட்டுப் போகணும்.

"நல்ல சேதி?" ன்னானாம் தொப்ளான்.

"அந்த ராசாவே இப்போ பழைய ராசா இல்லடா! அவுங்க ஊருல ராசா நெனச்சா ஏன் எதுக்குன்னு கேக்காம ஆளைக் கோட்டையில போட்டுப் பூட்டலாமாம். சனத்துக்குத் திங்க ரொட்டியில்ல. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, சனம் கூடிக் கோட்டையை ஒடைச்சிருச்சு. மீன் விக்கிற பொம்பளைங்க கொட்டுற மழையில நடந்தே அரமனைக்குப் போயி, ராசாவைக் கையோட பட்டணத்துக்குக் கூட்டியாந்துட்டாங்க. இனிமே சனத்தோட சபை ஒத்துக்காம ராசா ஒரு உத்தரவும் போட முடியாது. இந்தச் சேதி வந்த கடுதாசியைத் தொரை பொட்டியில போட்டு மேல உக்காந்திருக்காரு."

"மீன்காரிங்களா?"

"மீன்காரிங்கதான்."

"அப்படின்னா நெசமாத்தான் இருக்கும்" ன்னானாம் தொப்ளான். அவன் பொண்டாட்டியும் மீன்காரி.

பல்லக்குக் கெளம்பிருச்சு. துபாசி குடையைப் புடிச்சுக்கிட்டு, தொப்பையை இழுத்துக்கிட்டு, ரொம்பப் பின்னால வர்றாரு. தொரை சொல்லுறதைத் தமிழ்ல சொல்லுறவரு அவருதான். தம்பிகிட்ட எப்படிச் சொல்லுறது? திரும்ப முடியாது, பேச முடியாது. முன்னால போற தொப்ளான் பாட்டை எடுத்தானாம்.

"கல்லு கெடக்கு, ஏலே!"

"கண்டுகிட்டோம், ஏலே!"

"கோட்டை ஒடஞ்சு கெடக்கு, ஏலே!"

"கண்டுகிட்… எங்கடா கோட்டை?"

"கடலுக்கு அந்தாண்ட, ஏலே! ராசா சறுக்கி விழுந்தாரு, ஏலே!"

அஞ்சு பேரும் ஒரு நிமிசம் தடுமாறிப் போனாங்களாம். உள்ளேருந்து பெரம்பு எட்டிப் பாத்துச்சு. ஒடனே எல்லாரும், "கண்டுகிட்டோம், ஏலே!"

"நம்ம ஊருல பன்னெண்டு பேரு, ஏலே! கப்பலுக்குக் காகிதம் இருக்கு, ஏலே! கடைசித் தோளும் அதுல ஒண்ணு, ஏலே!"

பின்னால பல்லக்கு லேசா ஆடுச்சாம். அப்புறம் ஒத்தைக் கொரலு, காத்தான் கொரலு, வந்துச்சாம்.

"கண்டுகிட்டேன், அண்ணே."

அதுல "ஏலே" இல்ல.

ஆறு வந்துருச்சு. எறங்குனா தொடையளவு தண்ணி. நடு ஆத்துக்கு வந்தாங்க. தொப்ளான் நின்னான். எல்லாரும் நின்னாங்க. "எறக்குங்கடா!" ன்னான். எறக்கிட்டாங்க! தண்ணி குபுகுபுன்னு உள்ள பூந்துச்சு. தொரையோட டோப்பா மயிரு வெளிய வந்து, தன்பாட்டுக்குக் கடலைப் பாத்துக் கெளம்பிருச்சாம். ஊருக்குப் போற ஆசை யாருக்குத்தான் இல்ல?

துபாசி ஓடியாந்து கத்துறாரு. "அடேய், தூக்குங்கடா! ராசா உத்தரவுடா!"

"எந்த ராசா சாமி? மீன்காரிங்க கூட்டியாந்து உக்கார வச்சிருக்காங்களே, அவரா?"

தொப்ளான் விடல.

"தொரைகிட்ட அப்படியே சொல்லுங்க சாமி. பூசி மொழுகாம சொல்லுங்க. அந்தக் காகிதம் ராசா தனியாப் போட்டதா, சபை ஒத்துக்கிட்டதா?"

துபாசி அப்படியே சொன்னாராம். தொரை மொகம் சுண்ணாம்பு ஆயிடுச்சு. பொட்டியில பூட்டி வச்ச சேதி பல்லக்குத் தூக்கி வாயில வருதே! கரையில துணி தொவைச்ச பொம்பளைங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க.

"தூக்கச் சொல்லு, இல்ல தோலை உரிப்பேன்" ன்னாராம் தொரை.

"தோலு எங்களுது, உரிச்சுக்கட்டும். தோளும் எங்களுதுதான். அது தூக்காது. தொரைக்குக் காலு இருக்குல்ல? எறங்கச் சொல்லுங்க."

துபாசி தானே ஒரு முனையைத் தூக்கிப் பாத்தாராம். பல்லக்கு அசையல, வேட்டிதான் அவுந்துச்சு. வேற வழி? தொரை எறங்குனாரு. பொறந்ததுலேருந்து மொத மொதலா நம்ம சேத்துல காலை வச்சாரு. சேறும் விடல, புடிச்சுக்கிச்சு. காரைக்கால் வரைக்கும் நடந்தே திரும்பிப் போனாராம், ஒத்தைச் செருப்போட.

சும்மா விடுவாரா? மறுநாள் சிப்பாயிங்க வந்தாங்க. தொப்ளானைப் புடிச்சுத் தொறைமுகத்துல கட்டி வச்சுப் பன்னெண்டு கசையடி. முதுகு பிஞ்சு தொங்குது. அவன் என்ன சொன்னானாம் தெரியுமா? "பன்னெண்டு பேருக்குப் பன்னெண்டு அடி. வெலை மலிவுதான் சாமி."

காத்தானையும் பட்டியல்ல இருந்த மத்தவங்களையும் கடக்கரைக்கு இழுத்தாந்தாங்க. கப்பல் தூரத்துல நிக்குது, ஆளைப் படகுலதான் ஏத்தணும். ஆனா படகுக்காரங்க காதுல இபுறாம்சா ஏற்கெனவே எல்லாத்தையும் ஊதியிருந்தான். ஒவ்வொருத்தனா துடுப்பை மணல்ல போட்டுட்டு அது மேலயே உக்காந்துட்டான். ஒருநாள், ரெண்டுநாள், மூணுநாள். அடிச்சும் எந்திரிக்கல. நாலாம் நாள் காத்து மாறப்போவுதுன்னு கப்பல்காரன் பாயை விரிச்சுக் கெளம்பிட்டான். பன்னெண்டு பேரும் கரையிலதான் நின்னாங்களாம். கட்டுன கயித்தை மீன்காரிங்க அருவாமணையால அறுத்தாங்களாம்.

தொப்ளான் அதுக்கப்புறம் பல்லக்குத் தூக்கல. முதுகு நிமிரவும் இல்ல. ஆனா கூன் முதுகோட நடந்தாலும் தொரையைப் பாத்தா ஒதுங்க மாட்டானாம்.

ஆத்துல பல்லக்கை எறக்குன அந்த எடத்துக்குத்தான் தொரை எறங்குன துறைன்னு பேரு. இப்போ பாலம் போட்டாச்சு. இருந்தாலும் ஓலைப்படுகைக்கு மாப்பிள்ளை கார்ல வந்தாலும் சரி, ஓட்டுக் கேக்க மந்திரி ஜீப்புல வந்தாலும் சரி, பாலத்துக்கு முன்னால எறங்கி நடந்துதான் ஊருக்குள்ள வரணும். போன வருசம் ஒரு பெரிய மனுசன், கார் கண்ணாடியைக்கூட முழுசா எறக்காம, "நான் யாருன்னு தெரியுமா?" ன்னாரு.

ஊரே பாலத்துல வந்து நின்னுச்சு. ஒரே வார்த்தைதான் சொன்னோம்.

"எறங்கு."